கை நோகுது என்று சொல்ல விடுங்கள்

"உம்மா, கை நோகுது" என்றால் பல வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "அந்தக் கொம்பியூட்டரை மூடிட்டு எழும்பு மகள்." அதனால் உயர்தரத்தில் படிக்கும் எங்களில் பலர் மணிக்கட்டு வலியை வெளியே சொல்வதில்லை. சொன்னால் கணினி பறிபோகும், அதோடு பாடமும் போகும் என்ற பயம். வலியைவிட இந்த மௌனமே கூடுதலாகக் கெடுதி செய்கிறது என்பது என் கருத்து.

இது கணினியோடு பிறந்த நோயன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் கைவலியை விவரித்திருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையின் ஒரே விதமான அசைவு, பிழை விடக்கூடாதே என்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இம்மூன்றும் இன்றும் பொருந்துகின்றன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் வீடுகளே வகுப்பறைகளாயின. அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் படிப்பு மேசைக்குத் தனி இடம் கிடைப்பது அரிது. மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் இருக்கும். அல்லது கட்டிலில் இருக்கும். மேசை உயரமாக இருந்தால் மணிக்கட்டு மடிகிறது, விளிம்பும் அழுத்துகிறது. மணிக்கட்டின் உள்ளே ஓர் ஒடுங்கிய வழியால் விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அந்த நரம்பு நெருக்கப்பட்டால் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் விறைக்கும். ஸுஜூதில் உள்ளங்கையை ஊன்றும்போதுகூட வலி தெரியலாம்.

செய்யக்கூடியவை எளியவை. கதிரையில் ஒரு தலையணையைப் போட்டால் முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கு வரும். கால் தொங்கினால் கீழே ஒரு பலகையை வையுங்கள். மணிக்கட்டை நேராக வைத்துத் தட்டச்சுச் செய்யுங்கள். அரை மணிக்கொருமுறை எழும்பிக் கையை நீட்டி மடக்குங்கள். விறைப்பு இரவில் தூக்கத்தைக் கலைத்தால், அல்லது சில வாரங்களாகியும் மாறாவிட்டால், வைத்தியரிடம் போகவேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கணினியை மூடிவிட்டு எழும்பும் மகளுக்குத் தேங்காய் துருவலும் உடுப்புப் பிழிதலும் காத்திருக்கின்றன. அவையும் அதே மணிக்கட்டுக்குத்தான் வேலை. கை நோகிறது என்று அவள் சொன்னால் கணினியைப் பறிக்காதீர்கள். கதிரையின் உயரத்தைப் பாருங்கள். அன்றைய தேங்காயைத் தம்பி துருவட்டும்.