ஒரு ‘எ’ குறைந்தால்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, படகு விபத்து பற்றிய ஏஜென்சி செய்தி என் மேஜைக்கு வந்தது. கடைசி வரி: ‘ஃபியூ சர்வைவ்ட்.’ ‘சிலர் உயிர் தப்பினர்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கம் அச்சுக்குப் போகுமுன் பார்த்த மூத்த உதவி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். “வீட்டில் காத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார், தம்பி?” என்றபடி ‘சிலரே உயிர் தப்பினர்’ என்று திருத்தினார். ஓர் ஏகாரம்தான். செய்தி தலைகீழாகிவிட்டது.

ஆங்கிலத்தில் ‘எ ஃபியூ’ என்றால் எண்ணிக்கை குறைவு, ஆனாலும் இருக்கிறது. ‘எ’ இல்லாத வெறும் ‘ஃபியூ’ என்றால் கிட்டத்தட்ட இல்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குக் கிடைத்த பாடமோ ‘ஃபியூ என்றால் சில’ என்பதோடு முடிந்துபோனது. தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லையே தவிர, கருவி இல்லாமலில்லை. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் ஐந்து பொருள்களில் பிரிநிலையும் ஒன்று. பேச்சில் அந்த வேலையை ‘தான்’ செய்கிறது. ‘நாலு பேர்தான் வந்தாங்க’ என்றால் கூட்டம் சேரவில்லை என்பது யாருக்கும் புரியும்.

எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’. விதி அதேதான். வீட்டில் ‘எ லிட்டில் மில்க்’ இருந்தால் காபி போடலாம். ‘லிட்டில் மில்க்’ என்றால் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான். (‘எ லிட்டில் கேர்ள்’ வேறு சங்கதி; அங்கே சிறுமியின் அளவைச் சொல்கிறோம்.) இதில் அதிகம் இடறுபவர்கள் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள். ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்’ என்று பணிவாக எழுதுகிறார்கள். கொஞ்சம் அனுபவம் உண்டு என்பது அவர்கள் எண்ணம். படிக்கும் அதிகாரிக்கோ அது அனுபவம் இல்லை என்ற ஒப்புதல் வாக்குமூலம். எதற்கு வம்பு, ‘சம் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதிவிடுங்கள்.

விதியை மனப்பாடம் செய்தவர்களையும் கவிழ்க்க இரண்டு தொடர்கள் காத்திருக்கின்றன. ‘ஒன்லி எ ஃபியூ’ என்பதில் ‘எ’ இருந்தும் பொருள் ‘சிலரே’தான். ‘குவைட் எ ஃபியூ’ என்றாலோ கணிசமானவர்கள்! இதை ‘மிகச் சிலர்’ என்று பெயர்த்து அச்சேறியதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வெறும் ‘ஃபியூ’, வெறும் ‘லிட்டில்’ இரண்டும் பெரும்பாலும் எழுத்து நடைக்கு உரியவை. பேச்சில் ஆங்கிலேயர்களே ‘நாட் மெனி’, ‘நாட் மச்’ என்றுதான் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். ‘எ’ போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.