மெழுகு நூலுக்கு ஒரு ஓட்டு



இந்த வாரக் கேள்வி சின்னது. டிரோனோ, ரோபோவோ, வீட்டு சர்வரோ செய்து முடிச்ச பிறகு, உள்ளுக்குள்ள கிடக்கிற வயர்களை எதால கட்டுறீங்கள்? முக்கால்வாசிப் பேரின் பதில் தெரியும்: கேபிள் டை. என்ர கருத்து வேற. திரும்பத் திறக்கவேண்டி வரும் எந்தப் பெட்டிக்கும் மெழுகு பூசின லேசிங் நூல்தான் முதல் தேர்வாக இருக்கவேணும்.

பழசு மேல உள்ள ஆசையில சொல்லேல்ல. சிட்னியில் ட்ரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் வடிவமைத்த சைராக் கணினி, 1949 நவம்பரில் தன் முதல் புரோகிராமை ஓட்டியது. சுமார் 2,000 வால்வுகள். 1955இல் மெல்பேர்னுக்கு வந்து, 1964 வரை பல்கலைக்கழகத்தில் வேலை செய்தது. இப்ப ஸ்பொட்ஸ்வுட் சயன்ஸ்வர்க்ஸில் போய்ப் பார்க்கலாம். அது பிறந்தபோது கேபிள் டை என்றொரு பொருளே இல்லை. விமானத் தொழிற்சாலையில் ஆட்கள் கையால முடிச்சுப் போடுறதைப் பார்த்த மோரஸ் லோகன், 1958இல்தான் அதுக்குக் காப்புரிமை கேட்டார். அதுக்கு முந்தி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தொடக்கம் விமானம் வரை மெழுகு நூல்தான்.

இதில கவனிக்கவேண்டியது என்னெண்டால், கேபிள் டை வந்து அறுபது வருசம் தாண்டியும் விமானத்திலயும் விண்கலத்திலயும் நூல் ஒழியேல்ல. 2012இல் செவ்வாயில் இறங்கின கியூரியோசிட்டி ரோவரின் வயர்களும் முடிச்சுப் போட்டுத்தான் கட்டப்பட்டிருக்கு.

ஏன்? கேபிள் டைக்கு ஒரு தடிச்ச தலை இருக்கு. பக்கத்து வயரில உரசும். வெட்டின வால் கையைக் கீறும். கொஞ்சம் கூட இழுத்தால் வயரின் தோலை நசுக்கும். ஈதர்நெட் கேபிள் என்றால் உள்ளே முறுக்கின சோடிகளின் வடிவமும் கெடும். ஒரு வயரை மாத்த வேணுமெண்டால் வெட்டி எறியவேண்டியதுதான். நூலுக்குத் தலையும் இல்லை, கூரும் இல்லை. எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கட விரலே சொல்லும். மெழுகு என்ன செய்யுது? முடிச்சின் இரண்டாம் பாதியைப் போடும்வரை முதல் பாதி வழுக்காமல் பிடிச்சுக்கொள்ளுது.

வாங்கும்போது மூன்று விசயம் பாருங்கோ.

முதலாவது, வடிவம். தட்டையாகப் பின்னின நாடா நல்லது. தோல் தைக்கிற மெல்லிய உருண்டை நூல் மலிவுதான். ஆனால் இறுக்கினால் மென்மையான சிலிக்கோன் வயருக்குள்ள பதிஞ்சுபோகும்.

இரண்டாவது, பொருள். நைலான் உறுதியானது, ஆனால் ஈரம் உறிஞ்சும், இழுபடும். பொலியெஸ்டர் இழுபடுறது குறைவு. என்ஜினுக்குப் பக்கத்தில என்றால் நோமெக்ஸ்.

மூன்றாவது, பூச்சு. தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் வெளி வெப்பமே 48.9 பாகை, வெயிலில நிக்கிற காருக்குள்ள எவ்வளவு இருந்திருக்கும்? காருக்கும் கூரைக்கடிக்கும் மெழுகில்லாத நாடா, அல்லது செயற்கை ரப்பர் பூசினதை எடுங்கோ. விண்கலத்திலும் மெழுகு ஆகாது; வெற்றிடத்தில ஆவியாகி லென்ஸில போய்ப் படியலாம்.

"இதுக்கெல்லாம் ஆருக்கு நேரம்?" நியாயமான கேள்வி. கேபிள் டைக்கு இரண்டு செக்கன், முடிச்சுக்கு அரை நிமிசம். நாளைக்கே கழட்டப்போற சோதனைக் கட்டுக்கு வெல்க்ரோ போதும். ஆனால் ஐந்து வருசம் ஓடவேண்டிய பெட்டிக்கு இருபது முடிச்சு என்றால் பத்து நிமிசம். அவ்வளவுதான். கையும் புதுசாகப் பழகவேண்டியதில்லை. அம்மம்மா வாழைநாரில பூ கட்டுறதைப் பார்த்திருப்பீங்கள்: ஒரு சுற்று, ஒரு சுருக்கு, ஒரு இழுவை, அடுத்த பூ. தொடர் லேசிங்கும் கிட்டத்தட்ட அதே கைவேலைதான். அவவிட்டயே கேட்டுப் பழகுங்கோ.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் பேட்டரியிலயும் அடாப்டரிலயும் ஓடுற குறைந்த வோல்ட் வேலைக்கு. வீட்டுச் சுவருக்குள்ள இருக்கிற 230 வோல்ட் வயரில, லைசென்ஸ் இல்லாமல் கை வைக்கிறது ஆஸ்திரேலியாவில சட்டவிரோதம்.

இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் இருக்கு. 1990களில் யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பேட்டரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது எங்கட சனம். அந்த ரேடியோக்களைத் திறக்க முடிஞ்சது, எந்த வயர் எங்க போகுது என்று பார்க்க முடிஞ்சது. அதால அது நடந்தது. இண்டைக்கு எங்கட கையில இருக்கிற போனும் இயர்பட்டும் பசை போட்டு மூடி வருது. அதை நாங்கள் தனியாக மாத்த ஏலாது. ஆனால் நாங்களே செய்யிற பெட்டியை எப்படிக் கட்டுறது என்பது எங்கட கையில இருக்கு. நாளைக்கு அதைத் திறக்கப்போறது நீங்களாக இருக்கலாம், உங்கட தங்கச்சியாக இருக்கலாம். அவவுக்கு வேலை சுகமாக இருக்கட்டும்.

அடுத்த பில்டுக்கு ஒரே ஒரு சுருள் பொலியெஸ்டர் நாடா வாங்கிப் பாருங்கோ. ஒத்துவரேல்லை என்றால் எழுதுங்கோ, அடுத்த எபிசோட்டில சண்டை பிடிப்பம்.