கோப்பையில் பொறிக்கப்படாத பெயர்கள்

நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார் பந்தயம் 1934இல் ஆரம்பமானது. தேயிலை மலையில் வளைந்தேறும் பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிடும். அக்காலக் கோப்பைகளும் நிகழ்ச்சி நிரல்களும் புகைப்படங்களும் இன்று அரும்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும் நோட்டன் பிரிட்ஜில் பிறந்தவன் என்ற வகையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

மோட்டார் பந்தயங்களில் நான் பெரிதும் மதிப்பது, வாங்கிய நிலையிலேயே, மாற்றங்கள் செய்யாமல் ஓட்டப்படும் கார்களுக்கான பிரிவையே. அங்கே எஞ்சினைப் பெரிதாக்க இடமில்லை. காபரேட்டரைச் சீர்செய்வதும், பிளக்குகளைத் துப்புரவாக்குவதும், டயரின் காற்றை அளவறிந்து நிரப்புவதுமே கைகொடுக்கும். ஓட்டுபவரின் துணிவுக்கு நிகராக மெக்கானிக்கின் காதும் கையும் அங்கே பேசும். துரைமாரின் கார்களை அன்றாடம் பேணிய தோட்டத்துச் சாரதிகளிலும் மெக்கானிக்குகளிலும் நம்மவர்கள் இருந்தனர். கோப்பைகளில் அவர்களின் பெயர்களைக் காணோம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்றனர். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன தகரப் பெட்டிகளில் நம் நினைவுகளும் போயின.

எனவே வாசகர்களே, ஒரு பழைய காரருகே உங்கள் தாத்தா நிற்கும் படம் வீட்டில் இருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் அதன் பின்புறம் எழுதி வையுங்கள். காரின் பெயரைப் பார்த்தவுடனே சொல்ல ஆயிரம் பேர் உண்டு. தாத்தாவின் பெயரைச் சொல்ல நீங்கள்தான் உண்டு.