காசில்லாத ரோபோவும் கொல்லும்

கொலைகார ரோபோக்களை வைத்துக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் திகில் படங்கள் மீது ரொம்ப காலமாகவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவை நாலு பேர் கூடிச் சிரிக்கத்தான் லாயக்கு. கையில் பணம் இருந்திருந்தால் ஒழுங்காக எடுத்திருப்பார்கள். எல்லாமே 'டெர்மினேட்டரை'ப் பார்த்துச் சுட்டவை. செயற்கை நுண்ணறிவு நிஜமாகவே வந்துவிட்ட பிறகு இந்தத் தகர டப்பாக்களுக்கு இனி என்ன வேலை? சினிமா தெரியாதவர்கள் சொன்னால் விட்டுவிடலாம். தெரிந்தவர்களும் இதையே சொல்வதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சிரிப்பு. இந்தக் கட்சிக்குக் கிடைத்த பலமான சாட்சி 'ரோபோ மான்ஸ்டர்' (1953). பில் டக்கர் நான்கே நாளில், சுமார் 16,000 டாலரில் எடுத்து முடித்த படம். ரோபோ உடை தைக்கக் காசில்லை. ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அதன் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மனித குலத்தையே அழிக்க வந்த ரோமேன் இவன்தான் என்று நிறுத்திவிட்டார்கள். அவன் குகை வாசலில் ஓர் இயந்திரம் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். டைட்டிலில் அந்தக் குமிழி இயந்திரத்துக்குத் தனி வரி உண்டு. சிரிக்காமல் பார்க்க முடியாதுதான். (இசை எல்மர் பெர்ன்ஸ்டீன். பெரிய மனிதர்களும் வாடகை கட்டியாக வேண்டுமே.) ஆனால் இந்த ஒரு படத்தைக் காட்டி மொத்த வகையையும் தள்ளுவது, ஊரிலேயே மோசமான நாடகக் குழுவைப் பார்த்துவிட்டு நாடகமே வேண்டாம் என்பதற்குச் சமம்.

ஜிம் வைனார்ஸ்கியின் 'சாப்பிங் மால்' (1986) கதையே வேறு. இதிலும் சிரிக்கிறோம், ஆனால் படம் எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறதோ அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ஒரு வணிக வளாகத்தில் இரவுக் காவலுக்கு மூன்று ரோபோக்களை வாங்குகிறார்கள். எந்தத் தவறும் நடக்காது என்று கடைக்காரர்களைக் கூட்டி வைத்து உறுதி சொல்கிறார்கள். மின்னல் தாக்கிக் கட்டுப்பாட்டுக் கணினி கெடுகிறது. கடை மூடிய பின் பர்னிச்சர் கடைக்குள் கூத்தடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஆளைக் கொன்று முடித்ததும் ரோபோ நன்றி கூறி, இந்த நாள் இனிதாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போகிறது. கல்லாவில் பில்லைக் கிழித்துக் கொடுக்கும்போது கிடைக்கும் அதே மரியாதை. இந்தச் சிரிப்பில் படத்தின் மேல் இளக்காரம் எங்கே இருக்கிறது? 'கில்பாட்ஸ்' என்ற பெயரில் முதலில் வெளியாகி ஓடாமல் போனது, பெயர் மாற்றி வந்த பிறகுதான் பிழைத்தது. என்ன படம் எடுத்தோம் என்பது எடுத்தவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது, விற்றவர்களுக்குத்தான் தாமதமாகப் புரிந்தது.

அடுத்தது பணம். இதுதான் உண்மையான சண்டை. பணம் போதாததால் பயம் போதவில்லை என்கிறார்கள். நான் நேர் எதிராகச் சொல்வேன்: இந்தப் படங்களில் பயம் பிறப்பதே பற்றாக்குறையில்தான்.

1984-இன் 'டெர்மினேட்டர்' சுமார் 64 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. ஜேம்ஸ் கேமரூன், ரோஜர் கார்மனின் மலிவுப் படப் பட்டறையில் தொழில் படித்தவர். திரைக்கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்து, நானே இயக்குவேன் என்று உறுதி வாங்கிக்கொண்டவர். அவரிடம் இருந்தது ஒரே ஓர் எந்திரம், சில இரவுத் தெருக்கள், ஒரு காவல் நிலையம், கடைசியில் ஒரு தொழிற்சாலை. தோல் எரிந்து வெளியே வரும் எலும்புக்கூடு, சில ஷாட்டுகளில் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த பொம்மை, சில ஷாட்டுகளில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் படம் பிடித்தது. இன்று பார்த்தால் அசைவு விட்டுவிட்டுத் தெரிகிறது. ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறது. அது அப்படி வருவதுதான் வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் மனிதன் நொண்டுவது போல அது நொண்டவில்லை. வலி இல்லாத நொண்டல். 2009-இல் அதே வரிசையில் 'டெர்மினேட்டர் சால்வேஷன்' வந்தது, செலவு 20 கோடி டாலர். மோட்டார் சைக்கிள் வடிவில் ரோபோ, மாடி உயரத்துக்கு ரோபோ, தண்ணீருக்குள் ரோபோ. அவற்றில் ஒன்றுக்காவது இரவில் விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்தவர் உண்டா?

நம்மூர் 'எந்திர'னையே (2010) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் பந்தாக உருள்கின்றன, பாம்பாக நெளிகின்றன. செலவெல்லாம் அங்கேதான் போயிருக்கும். ஆனால் நமக்கு நினைவிருப்பது, தன் கூட்டத்துக்குள் வேஷம் போட்டு நுழைந்த விஞ்ஞானி வசீகரனைத் தேடி, சிட்டியாக வரும் ரஜினி ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டு வரிசையில் நடக்கும் காட்சி. அதற்குத் தேவைப்பட்டது ஒரு தொண்டை மட்டும்.

ரிச்சர்ட் ஸ்டான்லியின் 'ஹார்ட்வேர்' (1990) இந்த வாதத்துக்கு நான் வைக்கும் முதல் சாட்சி. பாலைவனக் காட்சிகளை மொராக்கோவில் எடுத்துவிட்டு, மீதிப் படத்தில் பெரும்பகுதியை லண்டன் ரவுண்ட்ஹவுஸில் போட்ட செட்டில் முடித்தார்கள். கதிர்வீச்சில் கெட்டுப்போன பூமி. பழைய இரும்பு பொறுக்குகிறவன் ஒருவன் மணலில் கண்டெடுத்த ரோபோத் தலையை, ஒரு முன்னாள் படைவீரன் வாங்கிக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தன் காதலி ஜில்லுக்குக் கொடுக்கிறான். அவள் சிற்பி. அதற்கு அமெரிக்கக் கொடியின் வண்ணம் பூசித் தன் சிற்பத்தில் பொருத்திவிடுகிறாள். இரவில் அது விழித்து, அவளுடைய பட்டறைச் சாமான்களையே எடுத்துத் தனக்கு உடம்பு செய்துகொள்கிறது.

இதற்குப் பிறகு கதை ஏறக்குறைய ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. காசில்லை என்பதால் ரோபோவை முழுதாகக் காட்ட முடியவில்லை. செம்மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு டிரில் முனை, ஓர் ஊசி, ஒரு சிவப்புக் கண், அவ்வளவுதான். பாதுகாப்புக்காகப் போட்ட மின்கதவே அவளை உள்ளே பூட்டிவைக்கிறது. உடம்புச் சூட்டை வைத்து ஆளைத் தேடும் எந்திரத்திடமிருந்து தப்ப அவள் ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்துகொள்கிறாள். கடைசியில் அதைச் சாய்ப்பது குளியலறை ஷவர், ஏனென்றால் ஈரம் அதற்கு ஆகாது. ஃபிரிட்ஜ், ஷவர், வாசற்கதவு: எல்லாம் நம் வீட்டிலும் இருப்பவை. படம் முடிந்து எழுந்து போனால் அவற்றைத் தாண்டித்தான் படுக்கைக்குப் போக வேண்டும். இருபது கோடி டாலர் கொடுத்திருந்தால் ஸ்டான்லியும் ஒரு நகரத்தையே இடித்துக் காட்டியிருப்பார், நாமும் கொட்டாவி விட்டிருப்போம்.

நகல் என்ற குற்றச்சாட்டில் வருடக் கணக்கே இடிக்கிறது. 'டெர்மினேட்டரு'க்குப் பதினொரு ஆண்டு முன்பே மைக்கேல் கிரைட்டனின் 'வெஸ்ட்வேர்ல்ட்' (1973) வந்துவிட்டது. கதாசிரியரான கிரைட்டன் இயக்கிய முதல் சினிமா, செலவு பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. யுல் பிரின்னர், 'தி மாக்னிஃபிசன்ட் செவன்' படத்தில் போட்ட உடையை ஒத்த கறுப்பு உடையில், துப்பாக்கி வீரன் ரோபோவாக வருகிறார். ஓடுவதில்லை, கோபப்படுவதில்லை, சும்மா பின்னாலேயே நடந்து வருகிறார். அந்த ரோபோவின் பார்வையைக் காட்டச் சதுரம் சதுரமாக உடைந்த பிம்பங்களைக் கணினியில் செய்தார்கள். முழுநீளக் கதைப்படத்தில் டிஜிட்டல் பட வேலை இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. ஏழைப் படங்கள் பணக்காரப் படங்களின் எச்சிலைத் தின்கின்றன என்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

'ஹார்ட்வேர்' வேறொன்றைப் போலவே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது 'டெர்மினேட்டர்' இல்லை, பிரிட்டனின் '2000 ஏடி' காமிக்ஸ் குடும்பத்தில் வந்த 'ஷாக்!' என்ற குட்டிக் கதை. அதை எழுதி வரைந்தவர்களுக்குப் பின்னர் படத்தில் பெயர் கொடுக்க வேண்டி வந்தது. குற்றம் சரி, முகவரிதான் தவறு. சொல்லப்போனால் 'டெர்மினேட்ட'ரிலும் எழுத்தாளர் ஹார்லன் எலிசனுக்குப் பின்னர் ஒரு நன்றி வரி சேர்க்கப்பட்டது.

பெண் உடம்பைக் காட்டிக் காசு பார்க்கும் படங்கள் என்றும் ஒரு புகார் உண்டு. 'சாப்பிங் மாலை'ப் பொறுத்தவரை அது உண்மை, நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அங்கே கடைசி ரோபோவை ஒழித்துக்கட்டுவது ஒரு பெண்தான். 'ஹார்ட்வேரி'லோ எதிர்வீட்டிலிருந்து ஜில்லைத் தொலைநோக்கியால் மேயும் ஆள் ரோபோவைவிட அருவருப்பாக இருக்கிறான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, காலாவதி. செயற்கை நுண்ணறிவு இன்று திரைக்குள் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறது, வேலையைப் பறிக்கிறது. கையில் வெட்டுக்கத்தியோடு உருண்டு வரும் ரோபோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. 'சாப்பிங் மால்' எடுக்கப்பட்டது கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸ் கேலரியாவில். 2016-இல் அதே கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு வணிக வளாகத்தில் காவல் சுற்றிய நிஜ ரோபோ ஒன்று பதினாறு மாதக் குழந்தையை இடித்துத் தள்ளிவிட்டதாகச் செய்தி வந்தது. மறு வருடம் வாஷிங்டனில் இன்னொரு காவல் ரோபோ தானாகவே நீரூற்றுக்குள் இறங்கி மூழ்கியது. 'ஹார்ட்வேர்' பார்த்தவர்கள் அதற்கு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வேடிக்கையில்லாத செய்திகளும் உண்டு. 2016 ஜூலையில் டாலஸ் போலீஸ், வெடிகுண்டு அகற்றும் ரோபோவிலேயே வெடிபொருளை ஏற்றி அனுப்பி, போலீஸாரைச் சுட்டுக் கொன்றவனைக் கொன்றது. 2022 நவம்பர் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம், போலீஸ் ரோபோக்கள் உயிரைப் பறிக்கலாம் என்று ஒப்புதல் தந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரே வாரத்தில் பின்வாங்கியது.

எந்திரம் கெட்டது என்று இந்தப் படங்கள் சொல்வதாக நினைப்பது பாதி பார்த்துவிட்டு எழுந்து போனவர்களின் முடிவு. இவற்றில் ரோபோவுக்கு யார் மீதும் பகையில்லை. வாங்கியவன் ஒருவன், அவசரப்பட்டு விற்றவன் ஒருவன், சோதித்தோம் என்று கையெழுத்துப் போட்டவன் ஒருவன் என்று பின்னால் எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். 'மேகன்' (2022) படத்தில், தாய் தகப்பனை இழந்த பெண்ணிடமே அவளுடைய சித்தி தன் கம்பெனியின் புதுப் பொம்மையைச் சோதித்துப் பார்க்கிறாள். 1.2 கோடி டாலர் செலவு, பொம்மையாக முகமூடி மாட்டிய ஒரு சிறுமி நடனக்காரி, ஒரு தாழ்வாரம். வசூல் ஏறக்குறைய 18 கோடி. 2025-இல் இரண்டாம் பாகத்தில் திகிலைக் குறைத்துப் பெரிய அதிரடிப் படமாக்கினார்கள். முதல் படத்தின் வசூலில் நாலில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. கொலைகாரப் பொம்மை மக்களுக்கு அலுத்துவிட்டது என்று ஸ்டுடியோக்காரர்கள் கணக்கு எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாழ்வாரத்தை விட்டு வெளியே வந்ததுதான் காரணம் என்று நான் எழுதிக்கொள்கிறேன்.