பெட்டிக்குள் இருக்கும் மேசை விரிப்பு

பழைய துணியைப் பாதுகாப்பது எவ்வாறு என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறுவர்: துவைத்து, மடித்து, அந்துருண்டை இட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். இவ்விடை தவறு என்பது என் கருத்து. பருத்தித் துணியைப் பல்லாண்டுகள் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் அம்மடிப்பின் வழியே பழுப்பேறி, நைந்து, கிழிந்துவிடும். இதை நான் படித்து அறியவில்லை. என் தாயார் கைப்பட்ட மேசை விரிப்பு ஒன்றைப் பாழாக்கிய பின்னரே அறிந்தேன்.

அவ்விரிப்பு கரூரில் நெய்த வெள்ளைப் பருத்தித் துணி. 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உடையது. மேசை விரிப்பு, கைத்துடைப்புத் துணி, திரைச்சீலை முதலிய வீட்டுத் துணிகளுக்குக் கரூர் பெயர் பெற்றது என்பதையும், அங்கிருந்து அவை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன என்பதையும் நீங்கள் அறிந்திருக்கலாம். அம்மா திருமணத்திற்கு முன் அத்துணியை வாங்கி, நான்கு மூலைகளிலும் மயில் வரைந்து, ஆங்கர் நூலால் சங்கிலித் தையலும் முடிச்சுத் தையலும் இட்டார். அதற்கு இணையாக எட்டுக் கைத்துடைப்புத் துணிகளும் செய்தார். அந்த விரிப்பு எங்கள் வீட்டு மேசையில் விரிக்கப்பட்டதை நான் கண்டதே இல்லை. சிறப்பான விருந்தினர் வரும்போது விரிக்கலாம் என்று அம்மா கூறுவார். வந்த விருந்தினர் எவரும் அந்த அளவுக்குச் சிறப்பானவராக அமையவில்லை போலும்!

அம்மா மறைந்தபின் விரிப்பு என்னிடம் வந்தது. மூன்று ஊர்களுக்கு மாற்றலாகிச் சென்றபோதும் டிரங்குப் பெட்டியின் அடியில் அதை வைத்துக் கொண்டுசென்றேன். புணேவுக்கு வந்த ஆண்டில் எடுத்து விரித்தபோது, மடிப்புகள் இருந்த இடமெல்லாம் மஞ்சள் கோடுகளாகியிருந்தன. இரண்டு இடங்களில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதை மேசையில் விரிக்கவும் இயலவில்லை. மீண்டும் மடித்து வைக்கவும் மனம் வரவில்லை.

அதற்கு வழி காட்டியது நான் வாழ்ந்த தெருதான். மராட்டிய மாநிலத்தில் பழைய பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாகத் தையல் ஓட்டி, ‘கோதடி’ என்னும் போர்வையைச் செய்வர். புணேவில் மார்கழி இரவுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசு வரை இறங்குவதுண்டு. அப்போது அதன் அருமை விளங்கும். இது ஒரு மாநிலத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று. வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர். பீகாரில் சுஜனி என்பர். கர்நாடகத்தில் கௌதி என்பர். அம்மாநிலங்களில் படிக்கும் மாணவர்கள் இப்போர்வைகளை அண்டை வீட்டுக் கொடியில் உலரக் கண்டிருப்பீர்கள்.

வங்காளத்துக் ‘காந்தா’வும் நம்முடைய ‘கந்தை’யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. அங்கே அச்சொல் பரிசாக அளிக்கும் போர்வையைக் குறிக்கிறது. இங்கே வறுமையைக் குறிக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனின் ஒட்டுத்தையல் இட்ட பழந்துணியைக் களையச் செய்து நுண்ணிய புத்தாடை அளிக்கிறான். நம் மனத்தில் பதிந்திருப்பதும் அக்காட்சியே. ஒட்டுப்போட்டதை உடுத்துவது இழிவு, புதியதே சிறப்பு. ஆயினும் நாமும் பிறந்த குழந்தையை முதன்முதலில் பழைய வேட்டித் துணியில்தான் ஏந்துகிறோம்; பாட்டியின் பழஞ்சேலையில்தான் தூளி கட்டுகிறோம். பலமுறை துவைத்த பருத்தியின் மென்மையைப் புதுத் துணி தராது என்பதை நம் பாட்டியர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆகவே, விரிப்பை வெட்டிப் போர்வையாக்குவது என்று முடிவு செய்தேன். அதையும் தையல் இயந்திரத்தில் தைப்பது என்று முடிவு செய்தேன். இங்குதான் எதிர்ப்பு எழுந்தது. எதிர்வீட்டு ஆஜி எழுபது வயதைக் கடந்தவர்; கையாலேயே கோதடி தைப்பவர். “இயந்திரத்தில் தைத்தால் போர்வை அட்டைபோல் விறைக்கும்” என்றார். அவர் கூறியதில் உண்மை உண்டு. இயந்திரத் தையல் நெருக்கமானது. கைத்தையலின் நெகிழ்ச்சி அதற்கு இல்லை. ஆனால், கையால் தைத்தால் ஒரு போர்வைக்குப் பல வாரங்கள் ஆகும். பகலெல்லாம் பணிக்குச் செல்லும் ஒருவரிடம் ‘கையால் தைத்தால் தை, இல்லையேல் தைக்காதே’ என்று கூறினால், துணி மீண்டும் பெட்டிக்குள்தான் செல்லும். மேலும், இயந்திரத் தையலுக்கென ஒரு வலிமை உண்டு. 1846ஆம் ஆண்டு எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற முறையில் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுவதும் எளிதில் உருவிப் போகாது. அடிக்கடி துவைக்கவேண்டிய போர்வைக்கு இது சிறிய நன்மையன்று.

தையலைத் தமிழர் இகழ்ந்ததும் இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தோருள் துன்னகாரரும் கூறப்படுகின்றனர். துன்னம் என்பது தையல். துன்னகாரர் என்போர் தையற்காரர்.

வேலை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முதலில் விரிப்பைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்து, நைந்த இடங்களைப் பென்சிலால் குறித்தேன். அவற்றை நீக்கிச் சதுரங்களாக வெட்டி, பழைய படுக்கை விரிப்பின் துண்டுகளோடு மாற்றி மாற்றி இணைத்தேன். மெலிந்த துண்டுகளுக்குப் பின்னால் மல்துணி வைத்தேன். நடுவில் பஞ்சுக்கு மாற்றாக ஒரு பழைய ஃபிளானல் போர்வை. அடியில் ஒரு சென்னிமலைப் படுக்கை விரிப்பு. மூன்று அடுக்குகளையும் ஒரு சாண் இடைவெளியில் ஊக்குகளால் பிணைத்தேன்.

முதல் நாள் ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கியது என் பிழை. இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை இழுக்கின்றன. மேலே அழுத்தும் பாதமோ மேல்துணியைத் தடுக்கிறது. அடித்துணி முன்னேற, மேல்துணி பின்தங்கும். ஓரத்தில் தொடங்கினால் அந்த மிகுதித் துணியெல்லாம் நடுவில் வந்து புடைத்து நிற்கும். இரண்டு மணி நேரத் தையலைப் பிரித்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே செல்லும்படி மீண்டும் தொடங்கினேன். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்னும் பாதத்தை வாங்கிய பின்னரே சுருக்கம் முற்றிலும் நின்றது. போர்வையின் ஒரு பக்கத்தை எப்போதும் பாய்போல் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஊசிக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையேயுள்ள சிறு வெளியில் அது நுழையாது. மயில்களின் மேல் தையல் ஓட்டவில்லை. ஊசி பட்டால் பழைய பூத்தையல் நூல் அறுந்துவிடும். அவற்றைச் சுற்றி அரை அங்குலம் விலகித் தைத்தேன்.

நான்கு மயில்களில் மூன்றுதான் தேறின. நான்காவதன் கழுத்தின் மேல் கிழிசல் ஓடியிருந்தது. அதை வெட்டி எறியும்போது என் கை நடுங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

படம் எடுத்து அனுப்பியதும் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “அம்மா கைப்பட்ட துணியில் கத்தரிக்கோல் வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?” என்று கேட்டார். அக்காவின் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எல்லாப் பழந்துணியையும் வெட்டவேண்டும் என்பது என் வாதமன்று. நல்ல நிலையில் உள்ள மேசை விரிப்பை மேசையில் விரித்து, அதன்மேல் குழம்பு சிந்தினாலும் சிந்தட்டும் என்று உண்பதே முறை. சரிகைச் சேலையை இவ்வாறு தைக்கலாகாது. சரிகை அருகிலுள்ள பருத்தியை அறுக்கும். கடையில் புதுத் துணியைத் துண்டுதுண்டாக வெட்டிப் பழையது போலத் தைத்து விற்கிறார்களே, அதில் என்ன பொருள் இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நைந்து, மேசைக்கும் உதவாமல், மடித்தால் மேலும் கிழியும் துணியைப் பற்றியே நான் பேசுகிறேன். அதனை வெட்டாமல் வைத்திருப்பது அம்மாவைப் போற்றுவதாகாது. நம் அச்சத்தைப் போற்றுவதாகும். அக்காவிடமும் இதையே கூறினேன். அவர் உடன்படவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய துணி ஏதேனும் இருக்கலாம். ஊரிலிருந்து கிளம்பும்போது பாட்டி கொடுத்ததாகவோ, அம்மாவின் பள்ளிக்காலப் பூத்தையலாகவோ இருக்கலாம். இவ்வாண்டு விடுமுறையில் ஒருமுறை அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யார் தைத்தார், எந்த ஊரில் வாங்கிய துணி என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வெட்டுவதா வேண்டாவா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கத்தரிக்கோலை நீங்களாக எடுத்துவிடாதீர்கள்.

போர்வை இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. ஆஜி வந்து தடவிப் பார்த்து, விறைப்பு மூன்று நான்கு முறை துவைத்தால் போய்விடும் என்றார், போயிற்று. எட்டுக் கைத்துடைப்புத் துணிகளையும் அன்றாட உணவு மேசைக்கு எடுத்துவிட்டேன். அவற்றுள் ஒன்றில் மஞ்சள் கறை படிந்து போகவே இல்லை.