சட்டைப்பையில் சங்கப் பணம்



தீபாவளியை நாம் கொண்டாடுவதில்லை. ஆனால், ஆலையில் போனஸ் அந்த நேரத்தில்தான் வருகிறது. கொள்கைக்காகப் பணத்தையும் வேண்டாமென்று சொல்ல முடியுமா? வாங்கினோம். வாங்கிய அன்றிரவு 500 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியை வீட்டில் கொடுத்துவிட்டு, நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேராகப் பாய் விரித்து உட்கார்ந்து சீட்டாடினோம். தோற்றோம்.

சூதை ஒழித்தாக வேண்டும் என்று மேடையில் முழங்கிய வாய் இது. அந்த வாயே தன் தோல்வியையும் சொல்வதுதான் நாணயம். ஆகவே எழுதுகிறோம்.

ஆட்டம் மூன்று சீட்டு. ஆளுக்கு 500 ரூபாய், அதற்கு மேல் இல்லை என்று பேச்சு. ஆடியவர்கள் அயலாரல்லர், வேலைநிறுத்தத்தின்போது ஒரே பானைக் கஞ்சியைப் பகிர்ந்து குடித்தவர்கள். முதல் ஒரு மணி நேரம் சிரிப்பும் கிண்டலுமாகப் போயிற்று. நமக்கு 200 ரூபாய் இலாபம்கூட வந்தது. "அப்போதே எழுந்து போயிருக்கலாமே!" என்பீர்கள். வென்றவன் எழுந்து போவதுண்டா? சூதில் வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த மீன் நாமேதான்!

பிறகு இறங்குமுகம். பதினொரு மணிக்குள் கொண்டுபோன 500 ரூபாயும் தீர்ந்தது. பேச்சுப்படி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. வென்றவரிடமே 300 ரூபாய் கடன் வாங்கினோம். அதுவும் கரைந்து கரைந்து, மணி ஒன்றை நெருங்கியபோது 150 ரூபாய் மிஞ்சிற்று. அப்போது வந்தது கைக்கு இரண்டு ராஜா! இழந்ததெல்லாம் இதோ திரும்பிவிடும் என்று அத்தனையையும் கட்டினோம். எதிரே விரித்த சீட்டுகள் ஏழு, எட்டு, ஒன்பது. வரிசைக்கு முன் ஜோடி நிற்குமா? ராஜாக்கள் இருவரும் ஒன்றாய்க் கவிழ்ந்தனர். முடியாட்சி வீழ்ந்ததற்கு நாம் வருந்தியது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்!

ஆனால், சொல்ல வந்தது அதுவன்று. அடுத்து நடந்ததுதான்.

நம் சட்டையின் உட்பையில் வேறு பணம் இருந்தது. அன்று மாலை ஆலை வாயிலில் நின்று, தோழர்களிடம் வாங்கிய சங்கச் சந்தா. 1,240 ரூபாய். கூடவே ரசீதுப் புத்தகம். நம் கை அந்தப் பைக்குப் போயிற்று. "ஒரே ஓர் ஆட்டம். வென்றதும் வைத்துவிடலாம். தோற்றாலும் அடுத்த சம்பளத்தில் ஈடு செய்துவிடலாம்" என்று உள்ளே ஒரு குரல் கணக்குச் சொல்லிற்று. ஊர்ப் பணத்தைக் கையாடியவர்கள் பலரும் முதலில் கேட்ட குரல் இதுவாகத்தான் இருக்கும். தொகைதான் வேறு, குரல் ஒன்றுதான்.

எதிரே இருந்த நண்பர் நம் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சீட்டுகளை வாரிச் சேர்த்து மடியில் செருகிக்கொண்டார். "போதும் அண்ணே, காலையில் முதல் ஷிப்டு" என்றார். சங்கப் பணம் தப்பிற்று. நம் உறுதியால் அன்று. ஒரு தோழர் பார்த்துக்கொண்டிருந்ததால்!

வீட்டுக்கு நடந்தபோது யோசித்தோம். "அதிர்ஷ்டம் இல்லை, தலையெழுத்து" என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாமா? பகுத்தறிவு பேசுகிறவன் அப்படிச் சொல்லலாகுமா? கணக்கு இருக்கிறதே! 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வகை உண்டு. மூன்றும் ஒரே எண்ணாக அமைவது 52 வகைதான். அதாவது 425 கைக்கு ஒன்று. ஒன்றுமே சேராத வெறுங்கை 16,440 வகை. நூறு முறை சீட்டு வாங்கினால் சராசரியாக எழுபத்து நான்கு முறை வெறுங்கைதான்! பத்து ஆட்டம் தோற்றவனுக்குப் பதினோராவது ஆட்டத்தில் இரக்கம் காட்டச் சீட்டுக்குத் தெரியாது. தோற்றதை நினைவில் வைத்திருப்பவன் மனிதன்தான். இழந்ததை எடுத்தே தீருவேன் என்ற அந்த நினைவுதான் அவனைக் கெடுக்கிறது.

மாடியில் ஆறு பேர் கொண்டுவந்த பணம் 3,000 ரூபாய். கலையும்போதும் 3,000 ரூபாய்தான்; கை மாறிற்றேயொழிய எங்கும் போகவில்லை. இதே ஆட்டத்தை ஒரு கம்பெனி செல்பேசியில் நடத்துவதாக வையுங்கள். ஆளுக்கு 50 வீதம் ஆட்டத்துக்கு 300 ரூபாய். அதில் பத்து விழுக்காடு கம்பெனிக்கு. ஆட்டத்துக்கு 30 ரூபாய். நூறு ஆட்டத்துக்கு 3,000 ரூபாய்! ஆறு பேரின் பணமும் அங்கே போய்விட்டது. திறமைசாலி யார், ஏமாளி யார் என்று கம்பெனி கேட்குமா? இருவரும் ஆடிக்கொண்டே இருந்தால் அதற்குப் போதும்.

"ரம்மி திறமை ஆட்டமாயிற்றே!" என்று வாதாடியவர்கள் உண்டு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மன்றம் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கிற்று. 2025 ஆகஸ்டில் ஒன்றிய நாடாளுமன்றமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு முன்பே எடுத்த நிலைக்கு டெல்லி பின்னால் வந்து சேர்ந்தது.

சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, நம் சட்டைப்பைக்குள் எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்? நள்ளிரவில் போர்வைக்குள் செல்பேசியை வைத்துக்கொண்டு தனியே ஆடுகிறவனிடம், "போதும் அண்ணே" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இயந்திரம் சீட்டை வாரிக்கொள்ளாது. மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருக்கும்.

போனஸ் என்பது முதலாளி போட்ட பிச்சை அன்று. 1965இல் போனஸ் சட்டம் வந்ததற்குப் பின்னால் தொழிலாளர் பல்லாண்டு நடத்திய கிளர்ச்சி இருந்தது. 8.33 விழுக்காடு என்றால் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாத வியர்வை! கூட்டமாக நின்று பெற்றதைத் தனித்தனியே உட்கார்ந்து தொலைப்பதா?

மறுநாள் காலை சந்தாப் பணத்தை ரசீதோடு சங்கத்தில் ஒப்படைத்தோம். கை பைக்குப் போனதையும் சொன்னோம். சொல்லும்போது குரல் நடுங்கிற்று, மறைக்கவில்லை. வசூலித்த பணம் அன்றிரவே அலுவலகம் சேர வேண்டும், யார் வீட்டிலும் யார் பையிலும் தங்கக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தோம். அந்த 300 ரூபாய்க் கடனைச் சம்பளத்தன்று அடைத்தோம். மாடியில் இப்போதும் கூடுகிறோம்; ஆடுகிறோம்; பணம் வைப்பதில்லை. தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. பக்கத்தில் இருக்கும் தோழரின் கை சட்டைப்பைக்குப் போவதைக் கண்டால், அறிவுரை சொல்லாதீர்கள், ஏளனம் செய்யாதீர்கள். சீட்டை வாரி மடியில் செருகிக்கொள்ளுங்கள்.