வெந்நீரில் சுழலும் கம்பி: எரிபொருளே வேண்டாத எஞ்சினா?

இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையம். கீழ்ச் சக்கரத்தை வெந்நீர் டம்ளருக்குள் முக்கி, விரலால் லேசாகச் சுழற்றிவிட்டால் போதும். மடமடவென்று ஓட ஆரம்பித்துவிடும். பேட்டரி கிடையாது, பெட்ரோல் கிடையாது. வீடியோவில் இதைப் பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பதில் தப்பில்லை. அதற்கு 'இலவச மின்சாரம்' என்று தலைப்பு வைப்பதுதான் தப்பு.

கம்பியின் பெயர் நிட்டினால். நிக்கல் அணுக்களும் டைட்டானியம் அணுக்களும் ஏறத்தாழ சரிபாதி கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் 1950-களின் இறுதியில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1961-ல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தில், விசிறி மடிப்பாக மடித்த பட்டை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் சும்மா இருக்காமல் தன் பைப் லைட்டரை அதில் காட்ட, பட்டை தானாக நிமிர்ந்துகொண்டது. பழைய வடிவத்தை 'நினைவில்' வைத்திருக்கும் உலோகம் என்ற பெயர் அப்படித்தான் பரவியது.

குளிர்ந்திருக்கும்போது இந்தக் கம்பி சொன்னபடி வளையும். சூடானால் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறி, விறைத்துக்கொண்டு நிமிரும். வளைக்கத் தேவைப்படும் பலம் குறைவு. நிமிரும்போது அது தள்ளும் பலம் அதிகம். சக்கரத்தைச் சுற்றுவது இந்த வித்தியாசம்தான்.

எல்லோரும் வெந்நீரைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் மேல் சக்கரத்தைச் சுற்றிவரும்போது கம்பி காற்றில் ஆற வேண்டும். ஆறினால்தான் மறுபடி சுலபமாக வளையும். மொத்தக் கருவியையும் வெந்நீரில் முக்கிப் பாருங்கள், அசையாமல் நின்றுவிடும். ஓடுவதற்குச் சூடு மட்டும் போதாது, சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் இடையே ஓர் இறக்கம் வேண்டும். அணைத் தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்தால்தான் டர்பைன் சுற்றும் என்பது மாதிரி.

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ரிட்ஜ்வே பேங்க்ஸ் 1973-ல் செய்த நிட்டினால் எஞ்சினிலும் இதே கதைதான். வட்டத் தொட்டியில் பாதி வெந்நீர், பாதி குளிர்ந்த நீர். கம்பிகள் மாறி மாறி இரண்டிலும் முங்கி எழுந்தன. அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்ததால் இதன் மேல் ஆசையும் கூடியது. ஆனாலும் அது கார்களை ஓட்டவில்லை. காரணம் யாருடைய சதியும் இல்லை, கணக்குதான். 70 டிகிரி செல்சியஸ் வெந்நீருக்கும் 30 டிகிரி காற்றுக்கும் இடையே ஓடும் எந்த எஞ்சினும், எந்த உலோகத்தில் செய்தாலும், வாங்கும் வெப்பத்தில் 12 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றவே முடியாது. கம்பி எஞ்சின் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. போதாக்குறைக்கு, வளைந்து நிமிர்ந்தே கம்பி களைத்து ஒருநாள் அறுந்தும் போகும்.

அதற்காக மாதிரியே செய்யக் கூடாது என்றில்லை; கட்டாயம் செய்ய வேண்டும். கம்பி வாங்கும்போதுதான் கவனம் தேவை. பல்லுக்குக் கிளிப் போடப் பயன்படும் நிட்டினால் பொதுவாகச் சரிவராது; அறை வெப்பத்திலேயே அது விறைத்த நிலையில் இருக்கும். நிக்கல் அளவு ஒரு சதவீதம் மாறினாலே கம்பி நிமிரும் வெப்பநிலை சுமார் 100 டிகிரி நகர்ந்துவிடும் என்பதால், கேட்டு வாங்குவதுதான் வழி. 45 டிகிரி வாக்கில் நிமிரும், நேராகப் பழக்கிய கம்பி தோதானது. அடுத்த தலைவலி வளையத்தின் இணைப்பு. சாதாரண சால்டரிங் இதில் ஒட்டாது. சின்ன உலோகக் குழாய்க்குள் இரு முனைகளையும் நுழைத்து நசுக்குவது நல்லது.

பள்ளிக் கண்காட்சியில் வைப்பவர்கள் பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரும், மேல் அச்சில் நூல் கட்டி ஒரு சிறு எடையும் வைக்கலாம். டம்ளரில் இருக்கும் 200 மில்லி தண்ணீர் 10 டிகிரி ஆறினால் வெளியேறும் வெப்பம் சுமார் 8,400 ஜூல். ஒரு கிலோவை 850 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். எஞ்சின் தூக்கியது எத்தனை கிராம், எத்தனை சென்டிமீட்டர் என்று மாணவர்களே அளந்து, அந்த எண்ணை இதற்குப் பக்கத்தில் எழுதட்டும். மீதி எங்கே போனது என்று யாராவது கேட்டால், டம்ளருக்கு மேலே கையை நீட்டிப் பார்க்கச் சொல்லலாம்.